கம்பத்திலிருந்து இறங்கிய விளக்கு

பழைய இரும்பு வாங்க வருகிறவருக்கு வீதி விளக்கு என்பது மூன்று உலோகம். கூடு அலுமினியம், சோக்கின் சுற்று செம்பு, மிச்சமெல்லாம் இரும்பு. சுத்தியலால் நாலு தட்டு. கண்ணாடி ஒரு பக்கம், பீங்கான் ஹோல்டர் ஒரு பக்கம் தெறிக்கும். உலோகம் சாக்குக்குள் போகும், தராசில் ஏறும், கதை முடிந்தது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக நீண்டு கிடக்கும், இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டில், பள்ளிவாசல்துறை போன்ற ஊர்களில் கழற்றப்படும் விளக்குக்கும் பொதுவாக இதுதான் கடைசி வழி.

உலகில் இதற்கு மறுதலையாகவும் ஆட்கள் நடந்திருக்கிறார்கள். கிறிஸ் பேர்டன் என்ற அமெரிக்கக் கலைஞர் 2000ஆம் ஆண்டிலிருந்து பழைய வார்ப்பிரும்பு விளக்குக் கம்பங்களை வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார். பெரும்பாலும் 1920களிலும் 30களிலும் தென் கலிபோர்னியத் தெருக்களில் நின்றவை. அவற்றில் 202ஐப் புதுப்பித்து, 2008இல் லொஸ் ஏஞ்சலிஸ் கலை அருங்காட்சியகத்தின் வாசலில் வரிசையாக நட்டார். பெர்லினில் 1978இல், ஐரோப்பிய நகரங்களின் எரிவாயு விளக்குகள் தொண்ணூறு அளவில் ஒரு பூங்காவின் நடைபாதையோரம் திறந்தவெளி அருங்காட்சியகமாக வைக்கப்பட்டன.

இரண்டும் அழகான காரியங்கள். ஆனாலும் அங்கே கூடு மூடியே இருக்கிறது. பார்க்கிறவர் வெளிச்சத்தையும் பூவேலையையும் பார்த்துவிட்டுப் போகிறார். நம் கரையின் விளக்கில் பூவேலை ஏது? சீமெந்துக் கம்பம், அதில் வளைந்த ஒரு குழாய், குழாய் நுனியில் ஓர் அலுமினியக் கூடு. அழகுக்காக இதை யாரும் சேர்க்கப் போவதில்லை. திறந்து பார்ப்பதற்காகச் சேர்க்கலாம். அப்படித் திறந்தால் தெரியும்: இதற்குள்ளே வெளிச்சம் தருகிற பொருள் சிறுபான்மை. மற்றவையெல்லாம் இரண்டு காரியங்களுக்காகத்தான் இருக்கின்றன. ஒன்று மின்சாரத்தை அடக்குவது, மற்றது காற்றையும் நீரையும் வெளியே நிறுத்துவது.

125 வாட் பாதரச ஆவி விளக்கு ஒன்றை மேசையில் கிடத்துவோம். நீலம் கலந்த வெள்ளையாக, சந்தியில் நிற்பவர் முகத்தைச் சோகை பிடித்தது போலக் காட்டுமே, அந்த விளக்கு. கிண்ணத்தின் கொக்கியை விடுவித்ததும் முதலில் கொட்டுவது பூச்சிகள்: ஈசல் இறகு, வண்டின் ஓடு, சில நேரம் பல்லி முட்டையின் கோது. அடுத்து, கிண்ணத்தின் விளிம்பில் ஓடும் இறப்பர் பட்டி. புதிதில் விரலால் அழுத்தினால் அமுங்கி எழும். பழையதில் அது நகம் பதியாத கறுப்புக் கயிறாகிவிட்டிருக்கும். கிண்ணம் பிளாஸ்டிக் என்றால் புறஊதாக் கதிர் பட்டுப் பட்டு மஞ்சளித்து, ஓரங்களில் வெடித்திருக்கும். மேலே மெல்லிய அலுமினியத் தகட்டில் ஒளிதெறிப்பி. நடுவே, வீட்டு பல்பின் அதே 27 மில்லிமீற்றர் மரை கொண்ட பீங்கான் ஹோல்டர். 250 வாட்டும் அதற்கு மேலும் என்றால் மரை 40 மில்லிமீற்றராகப் பெருக்கும்.

முட்டை வடிவக் குமிழின் உட்புறம் வெள்ளைப் பூச்சு பூசியிருக்கும். பூச்சில்லாத வகை கிடைத்தால் பாக்கியம், உள்ளிருக்கும் இன்னொரு குழாய் வெறுங்கண்ணுக்கே தெரியும். விரலளவு நீளமான படிகக் கண்ணாடிக் குழாய். இரண்டு முனையிலும் தங்குதன் மின்வாய். உள்ளே கொஞ்சம் ஆர்கன் வாயு, ஒரு துளி பாதரசம். ஒரு முனையில் மட்டும் பெரிய மின்வாயின் பக்கத்தில் மெல்லிய கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் தொடக்கி. சுவிட்சைப் போட்டதும் 230 வோல்ட்டால் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இடையே பாய முடியாது, தூரம் அதிகம். பெரிய மின்வாய்க்கும் தொடக்கிக்கும் இடையிலான சிறு இடைவெளியை அது எளிதில் தாண்டும். அங்கே ஆர்கன் மெல்ல ஒளிரும்; அதைத் தொடர்ந்து குழாயின் முழு நீளத்துக்கும் பொறி பாயும். அந்தச் சூட்டில் பாதரசம் ஆவியாகி, அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் பல மடங்காக ஏறி, நாலைந்து நிமிடத்தில் முழு வெளிச்சம் வரும். தொடக்கியோடு தொடுத்திருக்கும் குச்சி போன்ற தடை, தொடக்கிக்குள் மின்னோட்டம் அளவுமீறிப் போகாமல் பார்த்துக்கொள்ளும். மின்சாரம் ஒரு கணம் போய் வந்தால் இவ்வகை விளக்கு உடனே எரியாததன் காரணமும் இந்த அழுத்தம்தான். சூடான நெருக்கமான ஆவியில் மறுபடி பொறி பாயாது. ஆறி அழுத்தம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

பாதரசம் தரும் ஒளி சில குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டுமே வரும்: 405, 436, 546, 577, 579 நானோமீற்றர். ஊதா, நீலம், பச்சை, மஞ்சள். சிவப்பு அடியோடு இல்லை. கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரும் நிறைய வரும். வெளிக்குமிழின் வெள்ளைப் பூச்சு அந்தப் புறஊதாவை வாங்கிக் கொஞ்சம் சிவப்பாகத் திருப்பித் தருகிறது. ஆகவே வெளிக் கண்ணாடி உடைந்தும் உட்குழாய் எரிந்துகொண்டிருக்கும் குமிழைப் போல ஆபத்தானது இல்லை. சற்று நேரத்திலேயே கண்ணையும் தோலையும் எரித்துவிடும்.

இனி ஹோல்டருக்குப் பின்னால் போவோம். கூட்டுக்குள் மிகக் கனமான பொருள் அங்கேதான் இருக்கிறது: சோக். மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கி, செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கியெடுத்த கட்டி. விளக்கோடு இது ஏன் வேண்டும் என்பதற்கு விடை வாயுவின் குணத்தில் இருக்கிறது. உலோகக் கம்பியில் மின்னோட்டம் கூடினால் அது சூடாகி மேலும் தடுக்கும். வாயுவுக்குள் நேர்மாறு: ஓட்டம் கூடக் கூட அயன்கள் பெருகும், தடை குறையும், ஓட்டம் இன்னும் கூடும். சோக் இல்லாமல் நேரே 230 வோல்ட்டில் மாட்டினால் குழாய் சில கணத்தில் தன்னையே அழித்துக்கொள்ளும். வெருண்ட காளைக்கு மூக்கணாங்கயிறு எதுவோ அதுதான் இந்தக் கட்டி.

கணக்கைப் பாருங்கள். 125 வாட் பாதரச விளக்கு எரியும்போது குழாயின் இரு முனைக்கும் இடையே ஏறத்தாழ 125 வோல்ட், ஓட்டம் 1.15 அம்பியர். ஒரு தடையை வைத்து மிச்ச வோல்ட்டை விழுங்கினால் நூறு வாட்டுக்கு மேல் சூடாக வீணாகும். சோக் காந்தப்புலத்தில் சக்தியை வாங்கி வாங்கித் திருப்பித் தருவதால் அதில் வீணாவது பத்துப் பதினைந்து வாட் மட்டுமே. இந்த வாங்கலுக்கும் கொடுப்பனவுக்கும் ஒரு விலை உண்டு. கம்பியில் ஓடும் 1.15 அம்பியரில் உண்மையில் வேலை செய்வது 0.6 அம்பியர், மீதி வெறும் போக்குவரத்து. அதைச் சரிக்கட்டத்தான் பக்கத்தில் உருளையாக ஒரு கப்பாசிட்டர் நிற்கிறது. 10 மைக்ரோபரட் அளவில் ஒன்றை இணைத்தால் மின்கம்பியிலிருந்து விளக்கு இழுக்கும் ஓட்டம் 0.66 அம்பியரளவுக்கு இறங்கும். வெளிச்சத்தில் எந்த மாற்றமும் தெரியாது. அதனால்தான் கப்பாசிட்டர் செத்துப்போன விளக்கை யாரும் திருத்துவதில்லை. கீழே நிற்பவருக்கு அது நல்ல விளக்குத்தான். நட்டம் ட்ரான்ஸ்போமருக்கு.

சோக்கின் முதுகில் ஒட்டிய தகட்டைத் துடைத்துப் படியுங்கள். வாட், வோல்ட், அம்பியர் தவிர டீ டபிள்யூ 130 என்பது போல ஓர் எண் இருக்கும். சுற்றுக் கம்பி 130 பாகை செல்சியஸில் தொடர்ந்து கிடந்தாலும் பத்து வருடம் தாங்கும் என்று செய்தவர் தரும் வாக்குறுதி அது. கம்பத்தின் உச்சியில், வெயில் காய்ந்த கூட்டுக்குள் கிடக்க வேண்டிய பொருளுக்கு இதைவிட நேர்மையான அறிமுகம் வேறு கிடையாது.

சோடியம் விளக்குகளில் இரு சாதி. தாழ் அழுத்தச் சோடியம் 1932இல் பிலிப்ஸ் நிறுவனத்தால் நெதர்லாந்தின் பேக், கெலேன் ஊர்களுக்கிடையிலான வீதியில் முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதன் ஒளி ஏறக்குறைய முழுவதும் 589.0, 589.6 நானோமீற்றர் என்ற இரண்டே மஞ்சள் கோடுகள். கண் மிக நன்றாக உணரும் பகுதிக்கு அருகே இருப்பதால் சிக்கனத்தில் பல பத்தாண்டுகள் இதை வெல்ல ஆளில்லை. ஆனால் அதன் கீழே எல்லாச் சாரனும் ஒரே நிறம். இன்று இதன் உற்பத்தி நின்றுவிட்டது. எங்காவது ஒன்று அகப்பட்டால் உடையாமல் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் சோடியம் நீரில் பட்டால் தீப்பிடிக்கும்.

நம் பிரதான வீதிகளைச் செம்மஞ்சளாக்கியது உயர் அழுத்தச் சோடியம். இதற்கு முட்டுக்கட்டையாக இருந்தது கண்ணாடி. ஆயிரம் பாகையைத் தாண்டிய சோடிய ஆவி படிகக் கண்ணாடியையும் அரித்துவிடும். 1950களின் பிற்பகுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் ரொபேர்ட் கோபிள், அலுமினிய ஒட்சைட்டுப் பொடியைத் துளைக்குமிழ்கள் இல்லாமல் சுட்டு, ஒளி ஊடுருவும் பீங்கான் செய்யும் வழியைக் கண்டார். இந்த விளக்கைத் திறந்தால் நடுவே பென்சில் போல நிற்கும் பால் வெள்ளைக் குழாய் அதுதான். அதன் முனைகளை அடைக்கும் உலோகம் நையோபியம். சூட்டில் அந்தப் பீங்கான் எவ்வளவு விரிகிறதோ ஏறத்தாழ அதே அளவு விரிகிற உலோகம் என்பதால் அதைத் தேர்ந்தார்கள். தொடக்கி மின்வாய்க்கு உள்ளே இடமில்லை. ஆகவே கூட்டுக்குள் சோக்கோடு இன்னொரு சிறு பெட்டி சேர்ந்தது: இக்னைட்டர். சில ஆயிரம் வோல்ட் துடிப்புகளை அடித்து விளக்கைப் பற்றவைத்துவிட்டு ஓய்ந்துவிடும்.

இரவெல்லாம் எரிந்து, அணைந்து, சில நிமிடம் கழித்து மறுபடி எரிகிற செம்மஞ்சள் விளக்கைப் பார்த்திருப்பீர்கள். 'லூஸ் கனெக்‌ஷன்' என்று எளிதில் தீர்ப்பெழுதிவிடுவோம். பெரும்பாலும் கம்பியில் குற்றமில்லை. குழாய் முதுமை அடைய அடைய, எரிவதற்குக் கேட்கும் வோல்ட் ஏறிக்கொண்டே போகும். சூடேறி முழு அழுத்தம் வந்ததும் அது கேட்கும் அளவை 230 வோல்ட்டும் சோக்கும் சேர்ந்து கொடுக்க முடியாமல் போகிறது; அணைகிறது. ஆறியதும் இக்னைட்டர் மறுபடி பற்றவைக்கிறது. குமிழை மாற்றினால் தீர்ந்தது.

எந்த விளக்கு எது என்று தூரத்திலிருந்தே அறிய ஒரு பழைய டி.வி.டி. தட்டுப் போதும். இரவில் அதைச் சரித்துப் பிடித்து விளக்கின் பிரதிபலிப்பைப் பாருங்கள். பாதரசமானால் தனித்தனி நிறப் பிம்பங்கள். உயர் அழுத்தச் சோடியமானால் அகன்ற பட்டை; மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தின் நடுவில், கூர்ந்து பார்த்தால், ஓர் இருள் கீற்று. குழாயின் ஓரத்தில் இருக்கும் குளிர்ந்த சோடியம், தன் சொந்த நிறத்தையே விழுங்கிவிடுவதால் வரும் இருள் அது. எல்.இ.டி. ஆனால் இடைவெளி இல்லாத பட்டை, நீலத்தில் மட்டும் ஒரு தடிப்பு.

இதுவரை சொன்னது எந்த ஊர் விளக்குக்கும் பொருந்தும். குடாநாட்டு விளக்கின் தனிச் சரித்திரம் உப்பில் இருக்கிறது.

மூடிய கூடு என்று நாம் நினைப்பது மூடியதல்ல. மாலையில் விளக்கேற்றியதும் உள்ளிருக்கும் காற்று 27 பாகையிலிருந்து 80 பாகைக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். தனிவெப்பநிலைக் கணக்கில் 300இலிருந்து 353. அழுத்தம் சமப்படுவதற்காக உள்ளிருந்த காற்றில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு இடுக்குகள் வழியே வெளியேறும். காலையில் அணைந்து ஆறும்போது அதே அளவு காற்று வெளியிலிருந்து உள்ளே இழுக்கப்படும். ஒவ்வொரு நாளும். சோழகக் காற்று அலை நுரையிலிருந்து கிள்ளியெடுத்து வரும் உப்புத் துளிகளும் கூடவே வரும். நல்ல கூடு செய்தவர்கள் இதை அறிந்து, காற்று போய்வர என்றே ஒரு துளை விட்டு, அதில் நமுதா கம்பளியோ கரியோ வைத்தார்கள். மலிவுக் கூட்டில் காற்று, கெட்டுப்போன இறப்பர் பட்டி வழியே போய்வரும்.

உள்ளே வந்த உப்பு காய்ந்து சும்மா கிடக்காதா? கிடக்காது. வெறும் சோடியம் குளோரைட்டு என்றால் காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் உண்டு. அதற்கு 33 சதவீதமே போதும். இந்தக் கரையில் காற்று அவ்வளவு காய்வது அரிது. புத்தளம் உப்பளங்களில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீரை ஏன் வடித்து அகற்றுகிறார்கள்? அது சேர்ந்தால் உப்பு என்றைக்கும் காயாமல் கசிந்துகொண்டே இருக்கும் என்பதும் ஒரு காரணம். உப்பளத்தில் வடித்துவிடும் அந்தச் சாமான் இங்கே கூட்டுக்குள் வடியாமல் நிற்கிறது. ஹோல்டரின் பித்தளை நாக்கு பச்சை பூக்கிறது, சோக்கின் தகடுகளிடையே கறள் வீங்குகிறது, திருகாணி முனை காணாமல் போகிறது.

விளக்கைத் தாங்கும் குழாயைப் பார்த்தால் இது இன்னும் தெளிவு. நாகம் பூசிய இரும்புக் குழாயில் பூச்சின் தடிப்பு நல்ல வேலையென்றால் 85 மைக்ரோமீற்றர் வரை இருக்கும். உலோக அரிப்பின் கடுமையை வகுக்கும் ஐ.எஸ்.ஓ. 9223 தராதரப்படி, கடும் கடற்கரைக் காற்றில் வருடத்துக்கு 4.2 முதல் 8.4 மைக்ரோமீற்றர் நாகம் கரையும். அப்படியானால் பூச்சின் ஆயுள் பத்திலிருந்து இருபது வருடம். அதே குழாய் கடலைக் காணாத சுத்தமான உள்நாட்டில் நின்றால் நூறு வருடத்தையும் தாண்டலாம். இறக்கிய குழாயைத் திருப்பிப் பாருங்கள்: வானம் பார்த்த பக்கம் ஓரளவு நன்றாக இருக்கும், நிலம் பார்த்த பக்கம் பொருக்காக உதிரும். மழை மேற்பக்கத்தைக் கழுவிவிடுகிறது. கீழ்ப்பக்கத்தில் விழுந்த உப்பைக் கழுவ யாருமில்லை.

கூடு குழாயைப் பிடிக்கும் இடமே சேகரிப்பவர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம். குழாயின் வெளிவிட்டம் 34, 42, 48, 60 மில்லிமீற்றர் என்று இருக்கும். நீர்க்குழாய் அளவுகளான ஓரங்குலம், ஒன்றேகால், ஒன்றரை, இரண்டங்குலம் என்பவற்றின் வெளி அளவுதான் இவை. கூட்டின் கழுத்துக்குள் குழாய் நுழையும், இரண்டு போல்ட் இறுக்கும். போல்ட் துருப்பிடிக்காத உருக்கு, கூடு அலுமினியம். தனித்தனியே இரண்டும் கடற்கரைக்கு ஏற்றவை. உப்பீரத்தோடு சேர்ந்து தொட்டுக்கொண்டால் அங்கே ஒரு மின்கலம் உருவாகிறது, கரைவது அலுமினியம். அரித்த அலுமினியம் வெள்ளைப் பொடியாகி, முன்பிருந்ததைவிடக் கூடிய இடத்தைப் பிடித்து, மரையை இறுக்கிப் பூட்டிவிடும். பிறகு எந்தச் சாவிக்கும் அசையாது. பலம் போட்டால் போல்ட் முறியும் அல்லது கூட்டின் காது பிளக்கும். பூட்டும் நாளில் மரையில் கொஞ்சம் கிரீஸும், இடையில் ஒரு நைலோன் வளையமும் வைத்திருந்தால் இது நடக்காது. பத்துச் சதக் காரியம். கடற்கரை விளக்குகளில் குமிழுக்கு முன் செத்துப்போகிறவை இதனால்தான் சாகின்றன என்பது என் கட்சி.

எல்.இ.டி. வந்த பிறகு இதெல்லாம் பழங்கதையா? சக்திக் கணக்கில் அதை மறுக்க இடமில்லை. இந்தியாவில் 2015 ஜனவரியில் தொடங்கிய தேசிய வீதி விளக்குத் திட்டம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பழைய விளக்குகளை மாற்றியது. அதற்குச் சற்று முன், 2014 ஒக்டோபரில் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தைச் சாய்த்ததைத் தொடர்ந்து, அங்கே தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட விளக்குகள் எல்.இ.டி.யாக நடப்பட்டன. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை, பொது வெளிச்சத்துக்கான உயர் அழுத்தப் பாதரச விளக்குகளின் உற்பத்திக்கு 2020ஐக் கெடுவாக வைத்தது. நல்லதே. ஆனால் அந்த எல்.இ.டி. கூட்டுக்குள் மின்னோட்டத்தை முறைப்படுத்தும் ட்ரைவர் பெட்டியில் மின்பகு கப்பாசிட்டர் ஒன்று உண்டு. சூடு பத்துப் பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். பல கூடுகள் பசை ஊற்றி அடைக்கப்பட்டவை. சோக்கை மாற்றத் தெரிந்த கை, இதில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் முழுக் கூட்டையும் மாற்றுகிறது. போல்ட்டும் குழாயும் உப்பும் மட்டும் மாறவில்லை.

குடாநாட்டின் நுரைச்சோலையில்தான் நாட்டின் மிகப் பெரிய அனல் மின்நிலையம், 900 மெகாவாட், நிற்கிறது. 2022 மார்ச் கடைசியில், பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நீண்ட நாட்களில், நாடெங்கும் வீதி விளக்குகளை அணைக்கும்படி அரசு பணித்தது. விளக்கில்லாத வீதி எப்படி இருக்கும் என்று அப்போது எல்லோரும் பார்த்தோம். அந்த விளக்குக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு.

பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். கம்பத்தில் ஏறாதீர்கள்; அதில் நிற்பது பிரதேச சபையின் சொத்து, ஓடுவது உயிர்க்கம்பி. கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்குங்கள். திறந்ததும் கப்பாசிட்டரின் இரு முனையையும் ஒரு தடையால் இணைத்து மின்னேற்றத்தை இறக்குங்கள். 1980க்கு முற்பட்ட எண்ணெய்க் கப்பாசிட்டர் கசிந்திருந்தால் வெறுங்கையால் தொடவேண்டாம், பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் அதில் இருக்கக்கூடும். மிகப் பழைய கூட்டின் கம்பிகளில் சாம்பல் நிறத்தில் நார் உறை இருந்தால் அது கல்நாராகவும் இருக்கலாம், உரிக்காதீர்கள். பாதரசக் குமிழை உடைக்காதீர்கள்.

கற்பிட்டி, நுரைச்சோலை, பாலாவிப் பக்கத்துப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பாதரசம் ஒன்று, சோடியம் ஒன்று, செத்த எல்.இ.டி. ஒன்று: மூன்று கூடுகளைப் பிரதேச சபையிடம் எழுதிக் கேளுங்கள். எந்த வீதியில், கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்த வருடம் ஏற்றி எந்த வருடம் இறக்கியது என்று ஒரு சீட்டெழுதி ஒட்டுங்கள். குழாயையும் போல்ட்டையும் மறக்காமல் சேர்த்து வாங்குங்கள். கறளைத் தேய்த்துத் துடைத்துவிட வேண்டாம்; பிள்ளைகள் அளக்க வேண்டியது அதைத்தான்.